94-ஐத் தாண்டாத வேகம்: குளச்சல் பக்கத்து வீடு ஒன்றின் லேன் கேபிள் ஆய்வு

குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு மாடி வீடு. 300 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 300 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு. மோடம் கீழே முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில். மாடியில் மேற்குப் பார்த்த அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குச் சுவருக்குள்ளேயே ஏறி வரும் லேன் கேபிள். புகார் இரண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீட் டெஸ்ட் எப்போது போட்டாலும் 94-க்கு மேல் ஏறுவதில்லை. சாயங்காலங்களில் திடீரென்று 8, 9 என்று விழுந்துவிடுகிறது, சில நிமிடம் கழித்துத் தானாக எழுந்துகொள்கிறது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாடியில் வேலை பார்ப்பவர் அவருடைய மகள். திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், பெரிய பெரிய ஃபைல்களை ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. இணைப்புக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, மோடத்தில் தன் லேப்டாப்பைச் சொருகி 300 வருவதைக் காட்டிவிட்டு, "உள்ள வயரிங்தான் பிரச்சினை" என்று சொல்லிப் போயிருக்கிறார். சாருக்கு அதில் வருத்தம். "வீடு கட்டும்போ நானே கூட நின்னு போடவச்ச வயரு மக்கா. அதுல ஒண்ணும் வராது."

கம்பெனி ஆள் காட்டியதும் பொய்யில்லை, சார் சொன்னதிலும் ஒரு பாதி சரிதான். ஆனால் கோளாறு ஒன்று இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. அவற்றில் இரண்டு ஒரே எண்ணைத்தான் காட்டின. இதை விரிவாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

94 எங்கிருந்து வருகிறது

நெட் நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஆடும். காலையில் 210, இரவு 70, நடுநிசியில் 280 என்று மாறிக்கொண்டே இருக்கும். நேரம் காலம் பார்க்காமல் 94-லேயே நின்றால் அது நெரிசல் இல்லை. வழியில் எங்கேயோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கணக்கு எளிது. ஈத்தர்நெட்டில் ஒரு முழுப் பாக்கெட் 1500 பைட். அதற்கு முன்னும் பின்னும் முகவரி, பிழைச் சோதனை, தொடக்கக் குறி, இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் பிடிக்கும். அந்த 1500-க்குள்ளும் ஐபி, டிசிபி தலைப்புகள் போக, நம்முடைய உண்மையான சரக்கு 1448 பைட். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 94 விழுக்காடு. ஆகவே 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் 94-ம், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லிங்க்கில் 941-ம் வந்தால் அந்தக் கம்பி முழு வேகத்தில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது.

மகளும் இதே விஷயத்தை வேறு விதமாகக் கவனித்திருந்தார். "டவுன்லோடு போட்டா 11 எம்பிக்கு மேல போகவே போகாது அண்ணா" என்றார். பிரவுசர் காட்டுவது பைட் கணக்கு, கம்பெனி விற்பது பிட் கணக்கு. 94-ஐ எட்டால் வகுத்தால் 11.75. 300 எம்பிபிஎஸ் முழுசாக வந்தால் டவுன்லோடு 37 எம்பியை ஒட்டிப் போக வேண்டும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈத்தர்நெட்டைத் திறந்தால் லிங்க் வேகம் எழுதியிருக்கும். அங்கே 100/100 என்று இருந்தது. இன்டர்நெட் கம்பெனியை இதில் இழுக்கவே தேவையில்லை. கம்ப்யூட்டரும் மோடமும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகமே 100. ஸ்பீட் டெஸ்ட் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் கம்பெனிக்குப் போன போன்களில் பாதி மிச்சமாகியிருக்கும்.

முதலில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரை உள்ள வழியைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு, மாடியில் ஒரு சிறு பேட்ச் கார்ட் (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டைக் கேபிள்), மாடிச் சுவரில் உள்ள ஐஓ பாக்ஸ் (கேபிளைச் சொருகும் ஜாக் உள்ள பெட்டி), சுவருக்குள் போகும் கேபிள், கீழே ஒரு ஐஓ பாக்ஸ், இன்னொரு பேட்ச் கார்ட், மோடத்தின் போர்ட். இவற்றில் எது 100 என்கிறது?

என் லேப்டாப்பில் லினக்ஸும் சொந்தமாகக் கிகாபிட் போர்ட்டும் உண்டு. அதையும் மாடிக் கம்ப்யூட்டரையும், நன்றாக இருப்பதாகத் தெரிந்த சிறு கேபிளால் நேருக்கு நேர் இணைத்தேன். கிகாபிட் கார்டுகள் எந்தக் கம்பி போக, எந்தக் கம்பி வர என்பதைத் தாங்களே மாற்றிக்கொள்ளும், அதனால் பழைய நாள் கிராஸ் கேபிள் வேண்டாம். ஐபி முகவரி கொடுக்க மோடம் நடுவில் இல்லாததால், இரண்டிலும் 192.168.50.1, 192.168.50.2 என்று கையால் போட்டேன். பிறகு ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை மென்பொருள். ஒரு பக்கம் சர்வராக நிற்கும், மறுபக்கம் பத்து விநாடிக்கு டேட்டாவைத் தள்ளும். இரு திசையிலும் 941 வந்தது. கார்டு சரி, டிரைவர் சரி.

ஐபெர்ஃப்3 ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால்மேல் இருக்கட்டும். 5201-ஆம் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். திசையையும் கட்டாயம் மாற்றிப் பார்க்க வேண்டும். போகும்போது 941-ம் வரும்போது 300-ம் காட்டும் கேபிள்கள் உண்டு. யுஎஸ்பி லேன் அடாப்டர் வைத்துச் சோதிப்பவர்கள் அந்த அடாப்டரையே முதலில் சோதிக்கட்டும். விலை குறைந்தவற்றில் பல 100 எம்பிபிஎஸ் மட்டுமே தருபவை. எதில் சொருகினாலும் 94 காட்டும். அதை நம்பிச் சுவரை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மோடத்தின் போர்ட்டுகள்

மோடத்தில் நான்கு லேன் போர்ட். பார்ப்பதற்கு நான்கும் ஒன்றுபோல. மாடிக் கேபிள் லேன்3-ல் இருந்தது. லேன்1-ல் டிவி.

ஃபைபர் மோடம்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 எம்பிபிஎஸ்ஸாகவும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஜிஇ, எஃப்இ என்று அச்சிட்டிருப்பார்கள். ஜிஇ என்றால் கிகாபிட், எஃப்இ என்றால் 100 எம்பிபிஎஸ். இல்லாவிட்டால் மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டின் வேகமும் தெரியும். இந்த மோடத்தில் லேன்1 மட்டும்தான் கிகாபிட். கம்பெனி ஆள் டிவி கேபிளை உருவிவிட்டு லேன்1-ல் லேப்டாப்பைச் சொருகியிருக்கிறார், 300 வந்திருக்கிறது. மாடிக் கேபிள் இருந்த போர்ட்டை அவர் தொடவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிகாபிட் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த டிவிக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் உள்ள லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 4கே படம் ஓட 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். டிவியை லேன்3-க்கு மாற்றி, மாடிக் கேபிளை லேன்1-ல் போட்டேன்.

மேலே போய்ப் பார்த்தால், அதே 94.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒன்றை மாற்றுவார்கள், பலன் தெரியாது, "இது காரணமில்லை" என்று பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவார்கள். அதிலும் பலன் தெரியாது, அதையும் பழையபடி வைப்பார்கள். வரிசையாக இரண்டு இடத்தில் 100 என்ற தடை இருந்தால், எந்த ஒன்றைத் தனியாக நீக்கினாலும் எண் அசையாது. இரண்டும் ஒரே நேரத்தில் நீங்கினால்தான் அசையும். ஆகவே தன்னளவிலேயே சரியான மாற்றம் என்றால், பலன் தெரியாவிட்டாலும் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் கிகாபிட் வராது என்பதற்குச் சோதனை வேண்டியதில்லை.

எண் மாறவில்லையே தவிர, நடத்தை மாறியிருந்தது. லேன்3-ல் சொருகியவுடன் லிங்க் விளக்கு எரிந்தது. லேன்1-ல் சொருகினால் விளக்கு எரிந்து, அணைந்து, சில விநாடி தடுமாறி, அப்புறம்தான் 100-ல் நிலைத்தது. இரண்டு முனையும் "நான் கிகாபிட்" என்று சொல்லிக்கொள்கின்றன, முயன்று பார்க்கின்றன, முடியாமல் 100-க்கு இறங்குகின்றன. நல்ல நெட்வொர்க் சிப்புகள் இப்படி இறங்கி வரும், சில சிப்புகள் லிங்க்கே தராமல் நின்றுவிடும். எப்படியானாலும் அந்தத் தடுமாற்றம் கைகாட்டுவது கேபிளை.

மாடி ஐஓ பாக்ஸுக்குள்

எட்டு விளக்கு உள்ள சாதாரண கேபிள் டெஸ்டரை மாட்டியதில் 1, 2, 3, 6 மட்டும் எரிந்தன. மாடி ஐஓ பாக்ஸைக் கழற்றியதும் கதை புரிந்துவிட்டது. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் லேன் ஜாக்கில். நீல ஜோடி பக்கத்தில் இருந்த டெலிபோன் ஜாக்குக்குப் போயிருந்தது. பழுப்பு ஜோடி வெட்டி மடக்கி விடப்பட்டிருந்தது. கீழே உள்ள பாக்ஸிலும் இதே ஏற்பாடு.

இதைச் செய்த வயரிங்காரரைக் குறை சொல்ல முடியாது. லேண்ட்லைனும் அதிலேயே வரும் பிராட்பேண்டும் இருந்த காலத்தில் கட்டிய வீடு. அப்போது வந்த வேகம் சில எம்பிபிஎஸ்தான். ஒரே கேபிளில் நெட்டையும் மாடிப் போனையும் கொண்டுபோனது சிக்கனமான வேலை. 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 என்ற நான்கு பின்களோடு வேலை முடிந்துவிடும். செம்புக் கேபிளில் ஓடும் கிகாபிட்டுக்கு 1999-லேயே தரம் வகுத்தாகிவிட்டது. அது நான்கு ஜோடியையும் கேட்கும். ஒவ்வொரு ஜோடியிலும் 250 எம்பிபிஎஸ், அதுவும் ஒரே கம்பியில் இரு திசையிலும் ஒரே நேரத்தில். ஒரு ஜோடி குறைந்தாலும் கிகாபிட் கிடையாது. 750 என்று பாதியில் நிற்கும் ஏற்பாடும் இல்லை, நேராக 100-தான்.

டெலிபோன் ஜாக்கில் பல வருடமாகப் போனே இல்லை. நீல ஜோடியை அங்கிருந்து எடுத்து, பழுப்பு ஜோடியையும் கூட்டி, இரு முனையிலும் புதிய ஜாக் போட்டேன். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் உள்ள நீல ஜோடியைத் தாண்டி 3-லும் 6-லும் உட்காருவதைப் பார்த்துவிட்டுச் சிலர் அழகுக்காக ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கிவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு முறுக்கில் போய்விடும், ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறும், வேகம் படுத்துவிடும். கம்பி தொடர்ந்து போகிறதா என்பதை மட்டும்தான் அந்த விளக்கு டெஸ்டர் சொல்லும்.

எட்டு விளக்கும் எரிந்தன. லிங்க் 1000 என்று வந்தது. ஐபெர்ஃப்3 போட்டால் 400-க்கும் 600-க்கும் நடுவில் ஆடியது. அதைவிட முக்கியம், மறு அனுப்புதல் (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது) எண்ணிக்கை ஒவ்வொரு விநாடியும் ஏறிக்கொண்டே போனது. லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டு எண்ணி வைத்திருந்த சிஆர்சி பிழைகளும், அதாவது வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகளும், ஏறின. நல்ல கேபிளில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் லிங்க் அறுந்தது, 100-ஆகத் திரும்பி வந்தது.

சாயங்கால வீழ்ச்சி

இதற்கு நடுவில் இரண்டாவது புகாரையும் பார்த்துவிடலாம் என்று விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் இன்டெல் கார்டு. லிங்க் அறுந்த ஒவ்வொரு முறையும் 27 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்ததில், பெரும்பாலானவை சாயங்காலம் ஆறு மணியை ஒட்டியே இருந்தன.

வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம், "அந்த நேரத்துல ஊரே நெட் பாக்கும்." ஊரே நெட் பார்த்தால் வேகம் குறையலாம், ஆனால் நம் வீட்டுக்குள் இருக்கும் லிங்க் அறுந்து போகாது. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் உள்ள கம்பிக்கு ஊர் நெரிசல் தெரியாது. ஆறு மணிக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோட்டாரு போடுவேன். வேற என்ன?"

மோடத்துக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு பாக்கெட்) போட்டு வைத்துவிட்டு, சாரை மோட்டார் சுவிட்சைப் போடச் சொன்னோம். போட்ட நொடியில் பிங் நின்றது. லிங்க் அறுந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்ததில் மறுபடியும் அதேதான். ஒவ்வொரு முறையும் அறுந்தது என்று சொல்ல மாட்டேன், சில முறை தப்பித்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு அறுந்தது. நீர் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த வயரும் லேன் கேபிளும் ஒரே குழாயில் மாடி ஏறுகின்றன என்றால், கேபிளில் எங்கே பலவீனம் உண்டோ அங்கே அந்த அதிர்வு புகுந்துவிடும்.

சரி, லிங்க் அறுந்தால் நெட்டே நின்றிருக்க வேண்டுமே, 8, 9 எப்படி வந்தது? கம்ப்யூட்டரில் வைஃபையும் ஆனில் இருந்தது. லேன் அறுந்ததும் விண்டோஸ் சத்தம் காட்டாமல் வைஃபைக்குத் தாவிவிடும். கீழே முன்னறை மோடத்திலிருந்து ஒரு காங்கிரீட் தளத்தையும் இரண்டு சுவரையும் தாண்டி வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலின் வேகம்தான் அந்த 8, 9. "லேனில் வேகம் குறைகிறது" என்று இத்தனை நாள் அளந்தது முழுக்க வைஃபையின் வேகம். கம்பி வழி வேகத்தைச் சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். இந்த வீட்டில் அது ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்திருக்கும்.

புதுக் கேபிள் வரும்வரை மகளின் வேலை நடக்க வேண்டும். கிகாபிட்டில் அறுந்து அறுந்து வருவதைவிட நிலையான 100 மேல். இதற்காக விண்டோஸில் வேகத்தை "100 முழு டூப்ளெக்ஸ்" என்று கட்டிப் போடுவது தவறான வழி. ஒரு முனையைக் கட்டிப்போட்டால் மறுமுனைக்குப் பேச்சுவார்த்தைக் குறி போகாது. அது வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, பாதி டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். ஒருவர் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்ய, மற்றவர் அதை மோதல் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும் நிலை அது. மோடத்தின் லேன்3 இருக்கிறதே. அதில் சொருகினால் இரு முனையும் முறையாகப் பேசி 100-க்கு வந்துவிடும். கேபிள் தற்காலிகமாக அங்கேயே திரும்பியது, வைஃபை அணைந்தது.

படிக்கட்டு வளைவில் ஒட்டுப்போட்ட இடம்

கேபிளில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்க, கேபிள் சோதனை வசதி உள்ள ஒரு சிறு மேனேஜ்டு நெட்வொர்க் சுவிட்சை (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) கீழ் முனையில் மாட்டினேன். அது ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கும். கேபிளுக்குள் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் போகும், அதாவது ஒரு நானோவிநாடிக்கு 20 சென்டிமீட்டர். திரும்பி வர ஆன நேரத்தைப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். மூன்று ஜோடிகள் 24 மீட்டர் என்றன, அது மாடி முனை. பழுப்பு ஜோடி மட்டும் 11 மீட்டரில் நின்றது. இந்த மாதிரி சுவிட்சுகள் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், அதனால் சுவரில் உளியை வைக்க இந்த எண் போதாது. வீட்டில் குழாய் போகும் வழியை டேப் வைத்து அளந்தால் 11 மீட்டர் என்பது படிக்கட்டு திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் வந்தது.

அங்கே சுவரில் ஒரு மூடிய பாக்ஸ். பல முறை பெயின்ட் அடித்ததில் சுவரோடு ஒன்றாகிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் சாருக்கே நினைவு வந்துவிட்டது. வீடு முதலில் கட்டியபோது மாடி கிடையாது. படிக்கட்டு முடிந்து மொட்டை மாடி. கேபிளும் அந்த பாக்ஸோடு முடிந்திருந்தது. பிறகு மாடி எழுப்பியபோது வேறு ஆள் வந்து, அங்கிருந்து இன்னொரு துண்டு கேபிளை ஒட்டி மேலே கொண்டுபோயிருக்கிறார். சார் கூட நின்று போடவைத்த வயர் கீழ்ப் பாதி. அது இன்றும் நல்ல செம்பு.

மூடியைக் கழற்றினால் உள்ளே எட்டுக் கம்பியும் கரண்ட் வயரை முறுக்குவது போல முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. பழுப்புக் கம்பியின் முறுக்கில் பச்சைக் களிம்பு. கடற்காற்று உப்பைக் கொண்டுவரும், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் வேறு. திறந்து கிடக்கும் செம்பு இங்கே அதிக நாள் செம்பாக இருக்காது. ஒட்டின் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு ஜோடிகளின் முறுக்கு பிரிக்கப்பட்டிருந்தது. கேட் 5இ தர லேன் கேபிளில் முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஜோடியாக முறுக்கிக்கொண்டு போவதால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி, மறுமுனையில் கழிந்துபோகிறது. முறுக்கைப் பிரித்து, பக்கத்திலேயே மோட்டார் வயரையும் ஓடவிட்டால், கழிந்துபோக வழியில்லை.

மேல் துண்டுக் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல 1.6 மடங்கு. இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். நெட்வொர்க் கேபிளுக்கான தரவிதிகள் இந்த வகையை ஏற்பதே இல்லை, ஆனாலும் கடைகளில் கேட் 6 என்ற பெயரோடேயே கிடைக்கிறது. இதில் என் கருத்து கடுமையானது. வீட்டுச் சுவருக்குள் இதைப் போடுவது, திரும்பவும் சுவரைத் திறக்க இப்போதே நாள் குறிப்பது.

புதுக் கேபிள்

ஒட்டை மட்டும் சரிசெய்து விட்டுவிடலாமா என்று சார் கேட்டார். முறையான ஜாயின்ட் பாக்ஸ் வைத்து ஒட்டலாம். ஆனால் மேல் துண்டு அலுமினியமாகவும், கேபிள் 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயிலும் இருக்கும்வரை அது பாதி வேலைதான். வேகம் கிடக்கட்டும். என்றாவது கரண்ட் வயரின் உறை உருகி லேன் கேபிளைத் தொட்டால், மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும்? இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் குழாயை விட்டுவிட முடிவு செய்தோம்.

அதிர்ஷ்டவசமாக, முன்னறை டிவிக்கு மொட்டை மாடியிலிருந்து டிடிஎச் கேபிள் இறங்கி வந்த தனிக் குழாய் ஒன்று இருந்தது. டிஷ்ஷை எப்போதோ கழற்றிவிட்டார்கள், கறுப்புக் கேபிள் மட்டும் சும்மா கிடந்தது. அதன் கீழ் முனையில் புது கேட் 6 கேபிளைக் கட்டி, மாடி ஹாலில் இருந்த பாக்ஸ் வழியாக மெல்ல இழுத்தோம். கீழே ஒருவர் தள்ள, மேலே ஒருவர் இழுக்க. லேன் கேபிளை 11 கிலோ எடைக்கு மேல் விசை கொடுத்து இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே முறுக்கு நீண்டு கெட்டுவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஹால் பாக்ஸிலிருந்து அறைவரை சுவர்மேல் வெள்ளைக் கேசிங். வெளிச்சுவர் வழியாகக் கொண்டுவந்திருந்தால் வேலை சுலபம். ஆனால் ஐப்பசி கார்த்திகை இடிமின்னலைப் பார்த்தவர்கள் நீளமான செம்புக் கம்பியை வீட்டுக்கு வெளியே ஓடவிட மாட்டார்கள்.

கேபிளை நாகர்கோவிலில் வாங்கும்போதே கடையில் முனையைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். போட்டு முடித்தபின் மல்டிமீட்டரிலும் பார்த்தேன். மேல் முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பியையும் சேர்த்துவிட்டு, கீழ் முனையில் தடையை அளப்பது. கேபிள் நீளம் 28 மீட்டர், போக வர 56. கேட் 6 கேபிளின் 0.57 மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 3.7 ஓம் வர வேண்டும், மீட்டர் வயரின் தடையைக் கழித்தால் அதை ஒட்டியே வந்தது. அலுமினியமாக இருந்தால் 5.5-க்கு மேல் போயிருக்கும். நான்கு ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுவதும் முக்கியம். ஒன்று மட்டும் விலகினால் அந்த ஜோடியின் ஜாக்கைத் திரும்ப அடிக்க வேண்டும்.

முனைகளை அடித்து, கீழே லேன்1, மேலே கம்ப்யூட்டர். விளக்கு தடுமாறாமல் எரிந்தது, லிங்க் 1000. கேபிளை மட்டும் தனியாகச் சோதிக்க மோடத்துக்குப் பதில் லேப்டாப்பை வைத்து ஐபெர்ஃப்3 போட்டதில் இரு திசையும் 941. மறு அனுப்புதல் பூஜ்யம், சிஆர்சி பிழை பூஜ்யம். அதை ஓடவிட்டுக்கொண்டே சார் மோட்டாரைப் போட்டு அணைத்துப் போட்டார், ஒரு பாக்கெட்டும் விழவில்லை. கடைசியாகத்தான் இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட், மோடத்தோடு இணைத்து. சென்னை சர்வரிலும் கொச்சி சர்வரிலும் 300-ஐ ஒட்டி வந்தது.

பழைய குழாயிலிருந்த கேபிளின் இரு முனையையும் வெட்டி உள்ளே தள்ளி மூடிவிட்டோம், யாரும் அறியாமல் திரும்ப எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. மோடத்தில் லேன்1-க்கு மேலே "மாடி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகும் ஈவென்ட் வியூவரில் 27 முற்றிலும் நிற்கவில்லை. புதிய பதிவுகளைப் பார்த்தால் அத்தனையும் கரண்ட் போன நேரங்கள். கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் இருக்கிறது, மோடம் இல்லை. முன்னறைச் சுவிட்ச் போர்டில் இன்வெர்ட்டர் லைன் வரும் பாயின்ட் ஒன்று டிவிக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து மாற்றித் தர எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறது.